தோப்பில் போட்ட பஃப் பேனல் வீடு: விலை, வெயில், ஒழுகல் எல்லாம்

முதலில் விலை. ரெடிமேட் வீடு என்றதும் எல்லோரும் கேட்பது அதைத்தான், விற்பவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லாததும் அதற்குத்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் 20க்கு 20, அதாவது 400 சதுர அடியில் ஒரு பஃப் பேனல் வீடு, அதாவது தகடும் நுரையும் சேர்ந்த பலகைகளைப் பொருத்திப் போடும் வீடு, போட்டிருக்கிறோம். ஹால், ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை, உள்ளேயே பாத்ரூம், முன்னால் நாலடி தாழ்வாரம். ஓசூர் பக்கம் இந்த மாதிரி வீடு செய்து விற்கும் ஒரு யார்டில் ஆர்டர் கொடுத்தது. பெயர் போட மாட்டேன், போட்டால் அடுத்த ஒழுகலுக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். கொட்டேஷன் சதுர அடிக்கு 1,350 ரூபாய், ஆக 5,40,000. ஆகா, இவ்வளவு மலிவா என்று நினைக்கும்போதே அதன் கீழே பொடி எழுத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்று இருக்கும். அது 97,200. அப்புறம் அடித்தளம் நம்முடைய பொறுப்பு, அதற்கு எங்கள் மேஸ்திரிக்குக் கொடுத்தது 1,10,000. செப்டிக் டேங்க், பைப் லைன் 55,000. லாரி வாடகை, ஹைட்ரா கிரேன் வாடகை 28,000. கொட்டேஷனில் இருந்த தரை என்பது சிமெண்ட் போர்டு மேல் வினைல் ஷீட் ஒட்டுவது, அது வேண்டாம் என்று டைல்ஸ் போட்டதில் 32,000. எர்த்திங், கூடுதல் வயரிங் 18,000. கூட்டினால் 8,80,200 வருகிறது. சதுர அடிக்கு 2,200 ரூபாய் கணக்கு.

அதே மேஸ்திரி ஹாலோ பிளாக் சுவர், கான்கிரீட் கூரையோடு செப்டிக் டேங்க் வரை சேர்த்து 2,300 ரூபாய் சொல்லியிருந்தார், 9,20,000. நாற்பதாயிரம்தான் வித்தியாசம். ஆகவே பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிச்சமாவது காலம். மாமரம் பூத்திருந்தபோது அட்வான்ஸ் கொடுத்தோம், காய் கோலிக்குண்டு அளவு வருவதற்குள் அப்பா உள்ளே படுத்துத் தூங்கினார். கட்டட வேலைக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், கிடைத்த ஆளும் ஓசூர் கம்பெனிகள் பக்கம் போய்விடும் இந்த ஊரில், மேஸ்திரி அதற்குள் லிண்டல் மட்டத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, இந்தப் பக்கம் நிறையப் பேருக்கு இருக்கும் காரணம்தான். தோப்பு இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அப்பாவும் சித்தப்பாக்களும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறார்கள். அதில் போய்ச் செங்கல் வைத்தால் நாளைக்கு அந்தப் பக்கம் யார் பாகத்துக்குப் போகுமோ, வீணாக மனஸ்தாபம். சித்தப்பாவிடம் போய், இது போல்ட்டைக் கழற்றினால் தூக்கிக்கொண்டு போகிற வீடு சித்தப்பா என்றதும், அப்படியென்றால் வைத்துக்கொள்ளப்பா என்றுவிட்டார். காய் பறிக்கும் சீசனில் ராத்திரிக் காவலுக்கு அப்பா தோப்பில்தான் இருப்பார். பெங்களூரா ரக மாங்காயைக் கூழ் ஃபேக்டரிக்கு ஏற்றி முடிக்கும்வரை ஓலைக் கொட்டகையில் கிடந்தவருக்கு இது அரண்மனை.

சரி, பொருள் எப்படி? பஃப் என்பது பாலியூரித்தேன் நுரை. இரண்டு பக்கமும் கலர் பூசிய தகடு, நடுவில் இந்த நுரை. எங்களுக்குச் சுவர் 50 மி.மீ., கூரை 60 மி.மீ. வெப்பத்தைத் தடுப்பதில் இந்த நுரைக்கு ஈடான பொருள் கட்டுமானத்தில் குறைவு, தெர்மாகோலைவிட ஒன்றரை மடங்கு மேல். சித்திரை வெயிலில் மத்தியானம் உள்ளே போனால் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் தலையில் இறங்கும் அந்தக் காந்தல் இல்லை. ஆனால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். செங்கல் சுவருக்கும் கருங்கல் சுவருக்கும் எடை உண்டு, அதனால் வெப்பத்தையும் குளிரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு அந்தக் கனம் கிடையாது. காலையில் ஜன்னல், கதவை மூடி வைத்தால் உள்ளே குளுமை நிற்கும், திறந்துபோட்டு வெளியே போய்விட்டால் அரை மணியில் உள்ளும் வெளியும் ஒன்றுதான். ஃபேன் மட்டும் வைத்துச் சமாளிக்க நினைப்பவர்கள் எதிரெதிர் ஜன்னலும், கூரைக்குக் கீழே சூடான காற்று வெளியேற ஒரு வழியும் கேட்டு வாங்குங்கள். எங்கள் வரைபடத்தில் படுக்கையறைக்கு ஒரே ஜன்னல் போட்டிருந்தார்கள், சண்டை போட்டு இரண்டாக்கினோம். ஏசி போடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, சின்ன ஏசியே போதும், மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும்.

வெயில் ஏறும்போதும் சாயும்போதும் தகடு விரிந்து சுருங்கி டக் டக் என்று சத்தம் போடும். முதல் வாரம் அப்பா பல்லி என்று நினைத்தார், அப்புறம் பழகிவிட்டது. மழைச் சத்தம் தனித் தகரக் கூரை அளவுக்கு இல்லை, ஆனால் கனமழையில் போன் பேச முடியாது. போன் என்றதும் ஞாபகம் வருகிறது, நாலு பக்கமும் இரும்புத் தகடு என்பதால் உள்ளே சிக்னல் பாதியாகிவிடும். ஏற்கெனவே தோப்பில் ஒரு கோடு, இரண்டு கோடுதான் வரும் என்றால் வீட்டுக்குள் சுத்தமாகப் போய்விடும். அப்பா தாழ்வாரத்தில் நின்றுதான் பேசுகிறார். யார்டில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. "தட்டினா டப்பா மாதிரி சத்தம் வருது, இதுல சாமி படம் மாட்ட ஒரு ஆணிகூட அடிக்க முடியல" என்கிறார். உண்மைதான். ஆணி நிற்காது. ஃபேன், அலமாரி, டிவி, கீசர் எது மாட்ட வேண்டுமானாலும் அந்த இடத்தில் உள்ளே இரும்புக் குழாயோ பிளைவுட்டோ முதலிலேயே வைத்திருக்க வேண்டும். எங்கெங்கே என்ன மாட்டப்போகிறீர்கள் என்று சுவர் சுவராக எழுதிக் கொடுத்துவிடுங்கள், சாமி படம் உட்பட.

இனி எடை விஷயம். வாங்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாலும் தப்பில்லை. யார்டுகளுக்குள் நடக்கும் விலைப் போட்டி முழுக்க இந்தப் பேனலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. சதுர அடிக்கு 1,350 சொல்பவரும் 1,100 சொல்பவரும் ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள். தகடு 0.5 மி.மீ. என்று எழுதிவிட்டு 0.35 மி.மீ. போடலாம், நுரையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்று எழுதிவிட்டு அதைவிடக் குறைவாக ஊற்றலாம். பூசி ஒட்டிய பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தராசு பொய் சொல்லாது. ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம் உள்ள 50 மி.மீ. பேனல், இரண்டு பக்கமும் 0.5 தகடு, 40 அடர்த்தி நுரை என்றால் கிட்டத்தட்ட 30 கிலோ நிற்கும். 0.35 தகடு என்றால் 22, 23 கிலோவுக்கு வந்துவிடும். இரும்பின் அடர்த்தியை வைத்துப் போட்ட சாதாரணக் கணக்குதான் இது. லாரி வந்ததும் ஒரு பேனலை எடுத்து, மண்டியில் மாங்காய் போடும் தராசில் வைத்துப் பார்த்தோம், எங்களுடையது சரியாக இருந்தது. அந்த விஷயத்தில் யார்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். தராசில் வைப்போம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லியிருந்தோம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே எடைதான் காற்றில் எதிரியாகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் வரும், இந்தப் பேனல் பத்துக் கிலோ. சித்திரை, வைகாசியில் இங்கே கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் சூறைக்காற்று எப்படியிருக்கும் என்று வாழை போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்று வீட்டைத் தள்ளுவதோடு விடாது, தாழ்வாரக் கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். செங்கல் வீடு தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும், இது போல்ட்டின் பலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. யார்டு ஆட்கள் தளம் காய்ந்த பிறகு துளை போட்டு ஃபாஸ்டனர் அடிக்கலாம் என்றார்கள். எங்கள் மேஸ்திரி ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு தூணுக்கும் குழி எடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றும்போதே வளைந்த போல்ட்டை உள்ளே புதைத்து வைத்துவிட்டார். அடித்தளத்துக்கு 1,10,000 ஆனது இதனால்தான். அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். இந்தக் கோடையில் பக்கத்துத் தோப்பில் இரண்டு மரம் வேரோடு சாய்ந்தது, வீடு அசையவில்லை.

தரைமட்டத்தையும் இரண்டடி உயர்த்தினோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தி வைத்த வேன், கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி தினமும் வராது. ஆனால் சாதாரண மழையிலேயே பேனல் உட்காரும் அடிப்பக்க இரும்புச் சேனலில் தண்ணீர் தேங்கினால் துரு அங்கிருந்துதான் ஏறும்.

இப்போது குறை. ஒழுகியது. முதல் கோடை மழையிலேயே கூரையின் இரண்டு சரிவும் சேரும் முகட்டில் ஒழுகி ஹால் நடுவில் வாளி வைத்தோம். போன் செய்தால் "நாளைக்கு ஆள் வரும் சார்". அந்த நாளை வரவே இல்லை. கடைசியில் வந்த பையன் சிலிக்கானை ஒரு டியூப் பிதுக்கிவிட்டுப் போனான், அடுத்த மழையில் அதே இடம். மேலாகப் பிதுக்கிய சிலிக்கான் நாளாவட்டத்தில் உரிந்துவிடும், முகட்டை மூடும் தகடு இரண்டு பக்கமும் போதுமான அளவு மேலேறிப் படிய வேண்டும், எங்களுடையதில் அது குட்டை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ரூஃபிங் வேலைக்காரரைக் கூட்டி வந்து அகலமான தகடு வளைத்துப் போட்டதும் நின்றது. அவர் இன்னொன்றும் சொன்னார், கூரை ஸ்க்ரூக்களின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் சில வருஷத்தில் வெயிலில் இறுகி வெடித்துவிடும், அப்போது ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டைதான், பார்த்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. யார்டுக்காரர் ஐந்து வருஷ வாரண்டி என்று பில்லில் எழுதியிருக்கிறார். எதற்கு வாரண்டி, இரும்புச் சட்டத்துக்கா, ஒழுகலுக்கா என்று அதில் இல்லை. நீங்கள் எழுதி வாங்குங்கள்.

எலி அடுத்தது. சேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி விட்டுப் போயிருந்தார்கள். தோப்பில் எலி வந்தால் அதன் பின்னால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. சிமெண்ட் கலவை வைத்து அடைத்தோம்.

சமையலறைக்குத் தனி எச்சரிக்கை. பஃப் எரியும். எரிந்தால் வரும் புகை விஷம், தீயைவிட அந்தப் புகைதான் ஆளைச் சாய்க்கும். அடுப்பு இருக்கும் சுவரில் சிமெண்ட் போர்டு அடித்து அதன் மேல் டைல்ஸ் ஒட்டினோம், சிலிண்டர் வெளியே. கையில் காசு இருந்தால் சமையலறைச் சுவருக்கு மட்டும் ராக்வூல் (கல் நார்) பேனல் கேளுங்கள், எரியாது, எடையும் விலையும் கூடும். அதே மாதிரி மின்சாரம். மொத்த வீடும் இரும்பு என்பதால் ஒரு வயர் எங்காவது உரசிவிட்டால் சுவர் முழுக்க கரண்ட். நல்ல எர்த்திங்கும், கசிவு வந்தால் உடனே அணைக்கும் ஆர்சிசிபியும் இல்லாமல் குடி போகாதீர்கள்.

பேனல் வீடு வேண்டாம், பழைய கன்டெய்னரையே வாங்கி ஜன்னல் வெட்டிக்கொள்கிறேன் என்று நண்பன் ஒருவன் பர்கூர் பக்கம் இறங்கினான். இரும்பு கெட்டி, சந்தேகமில்லை. ஆனால் சாதாரணக் கன்டெய்னரின் உள் உயரம் ஏழடி பத்து அங்குலம்தான், அகலம் ஏழே முக்கால் அடிகூட இல்லை. வெயிலுக்காக உள்ளே நுரையும் போர்டும் அடித்தால் இன்னும் குறையும். ஃபேன் மாட்டிவிட்டுச் சட்டை கழற்றக் கையைத் தூக்கினால் ஆபத்து. தவிர, கப்பலில் போன பெட்டிகளின் மரத்தரைக்குப் பூச்சி மருந்து ஏற்றியிருப்பது வழக்கம், அதைப் பெயர்த்துவிட்டு வேறு தரை போடுவது நல்லது. நாற்பதடிப் பெட்டியை ஏற்றி வரும் டிரெய்லர் நம் தோப்பு வண்டித்தடத்தில் திரும்பாது, குறுக்கே போகும் கரண்ட் கம்பி வேறு. எங்களுக்குப் பேனல்கள் கட்டுக்கட்டாகச் சின்ன லாரியில் வந்து இறங்கியதால் அந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சந்தை இங்கே எப்படி மாறுகிறது என்பதைக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாலே பார்க்கலாம். முன்பு ரோடு போடுபவர்களின் சைட் ஆபீஸும் செக்யூரிட்டி ரூமும்தான் இந்த மாதிரிப் பெட்டியாக இருக்கும். இப்போது சூளகிரி தாண்டினால் டிபன் கடை, நர்சரி ஆபீஸ், பிளாட் விற்பவரின் ஆபீஸ் எல்லாம் பேனல்தான். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகள் வந்தபிறகு வாடகைக்கு ரூம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், நிலம் வைத்திருப்பவர்கள் வரிசை வீட்டைச் செங்கலில் கட்டலாமா பேனலில் கட்டலாமா என்று கணக்குப் போடுகிறார்கள். பெங்களூருக்காரர்கள் வாரக்கடைசிக்கு ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் வாங்கிப்போடும் பண்ணை நிலங்களில் இதுதான் ஃபேஷன். தேவை கூடக்கூட வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வீடு விற்க ஆரம்பித்துவிட்டார்கள், பிரச்சினையே அங்கேதான்.

அமெரிக்காவில் இது பெரிய தொழில். 1976 ஜூன் 15 முதல் அங்கே தொழிற்சாலையில் செய்யும் வீட்டுக்கு நாடு முழுக்க ஒரே கட்டாய விதிமுறை, ஒவ்வொரு பகுதியிலும் சிவப்பு நிறத்தில் ஒரு சான்றுத் தகடு அடித்துத்தான் வெளியே அனுப்ப முடியும். அங்கும் ஏற்ற இறக்கம் பயங்கரம். 1998இல் ஒரே வருஷத்தில் சுமார் 3.7 லட்சம் வீடு விற்பனைக்குப் போனது, கண்டபடி கடன் கொடுத்து, கட்ட முடியாமல் வீடுகள் ஜப்தியாகி, 2009இல் சுமார் 50 ஆயிரத்துக்கு விழுந்தது. 2021இல்தான் மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டியது. நமக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ப்ரீஃபேப், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் கட்டுமானம் பற்றிப் பகுதி இருக்கிறது, ஆனால் வாங்குபவன் பார்த்து நம்புகிற மாதிரி வீட்டில் அடிக்கும் அந்தச் சிவப்புத் தகடு இல்லை. அதனால்தான் மாங்காய்த் தராசைத் தூக்க வேண்டியிருக்கிறது.

விற்பவர்கள் சொல்லும் இன்னொரு கதை, பிரதமர் சென்னையில் திறந்த வீடுகளும் இதே டெக்னாலஜிதான் என்பது. இல்லை. 2022இல் திறந்த பெரும்பாக்கம் குடியிருப்பின் 1,152 வீடுகளும் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் துண்டுகளைப் பொருத்திக் கட்டியவை. ப்ரீஃபேப் என்ற பெயர் பொது, பொருள் வேறு. டெல்லியில் 1948லேயே அகதிகளுக்காக அரசு வீட்டுத் தொழிற்சாலை தொடங்கியதும் கான்கிரீட் வழியில் போனதுதான், பின்னாளில் ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் ஆனது.

கடன் விஷயம் சுருக்கமாக. நான் கேட்ட வங்கியில் வீட்டுக்கடன் கிடையாது என்றார்கள், கழற்றி எடுக்கும் பொருளுக்கு அடமானம் எப்படி என்று கேட்டார் மேனேஜர். தனிநபர் கடன்தான், வட்டி அதிகம். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் இதைப் போடலாமா என்று ஊரில் ஒருவர் கேட்டார். அதில் 3.5 லட்சம் தருகிறார்கள், ஆனால் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை வேண்டும், பேனல் கூரைக்கு இடமில்லை. அனுமதியே தேவையில்லை என்று யார்டில் சொல்வதையும் கேட்காதீர்கள், பஞ்சாயத்து ஆபீசில் போய்க் கேளுங்கள். பில்லும் வாங்குங்கள், பில் இல்லாமல் 18 சதவீதத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள், அப்புறம் வாரண்டிக்கு யாரைப் பிடிப்பது?

மதிப்பெண் என்றால் பேனலுக்கு ஐந்துக்கு நாலரை, பொருத்திய வேலைக்கு மூன்று, விற்ற பிறகான சர்வீஸுக்கு ஒன்று. தோப்புக் காவலுக்கு, பாகம் பிரிக்காத நிலத்துக்கு, கடைக்கு, மூன்று நாலு வருஷ வாடகை ரூமுக்குத் தாராளமாக வாங்கலாம். இருக்கிற ஒரே காசில் குடும்பத்துக்குக் கட்டும் ஒரே வீடு இதுவாக இருக்கட்டுமா என்றால், நாற்பதாயிரம் சேர்த்துப் போட்டு மேஸ்திரியிடம் போங்கள் என்பேன். அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்த யார்டு ஒரு வருஷம் முன்னால் போட்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புதுசாகப் பெயிண்ட் அடித்து யார்டிலேயே நிற்கும் மாடல் வேண்டாம், ஒரு மழைக்காலம் நனைந்த வீடு. முகட்டுக்குக் கீழே சீலிங்கில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்காரரிடம் போன் எடுக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.